சுரங்கம் மூடின நிலத்துல செடி திரும்ப வந்துச்சான்னு அளக்க எந்த வழி சரி: சாட்டிலைட்டா, ட்ரோனா, டேப் பிடிச்சு நடக்குறதா?

சுரங்கம் தோண்டி முடிச்சு, குழியை நிரப்பி, மேட்டைச் சரிவா வெட்டி, மேல்மண் பரப்பி, விதை தூவி, கன்னும் நட்டாச்சு. அதுக்கப்புறம் தாவரம் திரும்ப வருதா இல்லையான்னு எதை வச்சு சொல்றது? இப்போதைக்கு நாலு வழி இருக்கு. சாட்டிலைட் படம் ஒண்ணு, ட்ரோன் ஒண்ணு, தரையில சட்டமும் (செவ்வக ஃபிரேம்) டேப்பும் வச்சு நடந்து அளக்குறது ஒண்ணு, நாலாவதா மண்ணோட மேற்பரப்பையே படிக்கிற ஒரு முறை. நாலுமே நல்ல வழிதான், ஆனா நாலும் ஒரே விஷயத்தை அளக்கல, அது தெரியாம கைக்கு எட்டின ஒண்ணை எடுத்து ஒரு பச்சை மேப் போட்டு "மீண்டுடுச்சு"ன்னு எழுதிடுறாங்க, அங்கதான் எனக்கு நிஜமாவே வயிறு எரியுது.

என் முடிவை முதல்லயே சொல்லிடுறேன். ஒரு வழிக்குத்தான் காசு இருக்குன்னா தரையில நிலையான பிளாட் (வருஷா வருஷம் திரும்பப் போய் அளக்குற, குறிச்சு வச்ச துண்டு) போட்டு நடந்து அளங்க. சாட்டிலைட் டேட்டா இலவசம், அதனால அதை எப்படியும் கூடவே வச்சுக்கலாம், ஆனா தீர்ப்பு சொல்ற இடத்துல அதை உக்கார வைக்காதீங்க. ட்ரோன் குறிப்பிட்ட ஒரு கேள்வி இருந்தா மட்டும். மண் மேற்பரப்பு முறையை முதல் நாலஞ்சு வருஷம் கட்டாயம் சேருங்க, குறிப்பா மழை கம்மியான இடத்துல. ஏன் இந்த வரிசைங்கிறதைத்தான் கீழ எழுதியிருக்கேன்.

பச்சையா இருக்குறதும் மீண்டு வர்றதும் வேற வேறங்கிறதுக்கு உலகத்துலயே பெரிய சாட்சி அமெரிக்காவோட அப்பலாச்சியா மலைப்பகுதி. அங்க 1977ல மேற்பரப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கான சட்டம் வந்துச்சு, மண் அரிப்பை நிறுத்தணும், நிலத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டு வரணும்னு சொன்னுச்சு, நல்ல நோக்கம்தான். அதை நிறைவேத்த புல்டோசரை மேலயும் கீழயும் பல தடவை ஓட்டி நிலத்தை வழவழன்னு இறுக்கி, வேகமா தரையை மூடுற ஃபெஸ்க்யூ புல்லையும் லெஸ்பெடீசா மாதிரி பயறு வகையையும் அடர்த்தியா விதைச்சாங்க. ரெண்டு வருஷத்துல நல்லா பச்சையாயிடுச்சு. ஆனா அது முன்னாடி அகன்ற இலை மரக்காடா இருந்த இடம், இறுகின மண்ணுல மரத்தோட வேர் இறங்கல, வந்த கன்னுகளையும் புல் அமுக்கிடுச்சு, பத்து இருபது வருஷம் கழிச்சும் பல இடம் புல்வெளியாவே நின்னுடுச்சு. 2004ல அப்பலாச்சியா காடு மீட்பு முயற்சின்னு ஒண்ணைத் தொடங்கி, மேல ஒரு 1.2 மீட்டர் ஆழத்துக்கு மண்ணை இறுக்காம லூசா விடுங்க, அடக்குற புல்லைக் கம்மி பண்ணுங்கன்னு சொல்ல வேண்டியதாச்சு. இப்போ யோசிச்சுப் பாருங்க, அந்த இடத்தை வெறும் பச்சை அளவை மட்டும் வச்சு அளந்திருந்தா ரெண்டாவது வருஷமே முழு மார்க் போட்டிருப்போம்.

இப்போ சாட்டிலைட்டுக்கு வருவோம், ஏன்னா எல்லாரும் முதல்ல ஓடுறது அங்கதான். பயன்படுற குறியீடு பெரும்பாலும் என்டிவிஐ. செடியோட இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிடும், அண்மை அகச்சிவப்பை நல்லா திருப்பி அனுப்பும், அதனால அகச்சிவப்புல இருந்து சிவப்பைக் கழிச்சு, ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்தா ஒரு எண் வரும், 1 பக்கம் போகப் போக அடர்த்தியான பச்சை, 0 பக்கம் வெறும் தரை. இதோட பெரிய பலம் காலம். அமெரிக்காவோட லேண்ட்சாட் வரிசையில முதல் சாட்டிலைட் 1972ல போச்சு, 30 மீட்டர் அளவுல ஓரளவு தொடர்ச்சியான படம் 1984ல லேண்ட்சாட் 5 போனதுல இருந்து கிடைக்குது, 2008ல மொத்தக் களஞ்சியத்தையும் இலவசமா திறந்து விட்டுட்டாங்க. அதாவது சுரங்கம் தோண்டுறதுக்கு முன்னாடி அந்த இடம் எப்படி இருந்துச்சு, எந்த வருஷம் காடு போச்சு, எந்த வருஷம் மண்ணு போட்டாங்க, அதுக்கப்புறம் வருஷா வருஷம் என்னாச்சு, எல்லாமே உக்காந்த இடத்துல பாக்கலாம். வேற எந்த வழியும் இறந்தகாலத்தைத் திருப்பித் தராது, இது ஒண்ணுக்காகவே சாட்டிலைட்டை யாரும் ஒதுக்கக் கூடாது. 2015ல ஐரோப்பாவோட சென்டினல்-2ஏவும் 2017ல 2பியும் போன பிறகு 10 மீட்டர் பிக்சல், அஞ்சு நாளைக்கு ஒரு தடவைன்னு ஆயிடுச்சு, மேகம் அதிகமா இருக்குற ஊர்கள்ல இது பெரிய வரம்.

ஆனா சுரங்க நிலத்துல என்டிவிஐ ஒரு இடத்துல நம்மளை மோசமா ஏமாத்தும், அது மண்ணோட நிறம். சாதாரண காட்டுலயோ வயல்லயோ இது அவ்வளவா தெரியாது, நிலக்கரிக் கழிவு மேட்டுல நல்லாவே தெரியும். கணக்கே போட்டுப் பாப்போம். செடி சிவப்புல 0.05, அகச்சிவப்புல 0.40 பிரதிபலிக்குதுன்னு வச்சுக்கலாம். வெளிர் மண்ணு சிவப்புல 0.20, அகச்சிவப்புல 0.26. கரி கலந்த கருப்புக் கழிவு 0.05, 0.06. ரெண்டு இடத்துலயும் சரியா 40 சதவீதம் தரையைச் செடி மூடியிருக்கு, மீதி 60 வெறும் தரை. வெளிர் மண்ணு இடத்துல கலந்து வர்ற எண் சிவப்பு 0.14, அகச்சிவப்பு 0.316, என்டிவிஐ 0.39. கருப்பு இடத்துல சிவப்பு 0.05, அகச்சிவப்பு 0.196, என்டிவிஐ 0.59! செடி அளவு ஒண்ணுதான், ஆனா கருப்பு மேடு பாதிக்குப் பாதி கூடுதலா பச்சையா இருக்குற மாதிரி காட்டுது. இதோட இன்னொரு பக்கம் என்னன்னா, கருப்புக் கழிவு மேல வெளிர் மேல்மண் கொண்டு வந்து பரப்பின வருஷம் செடி குறையாமலே என்டிவிஐ குறைஞ்சு தெரியும், நல்ல வேலை செஞ்சவங்களுக்குக் கெட்ட பேரு.

இதுக்கு மருந்து இருக்கு. ஹியூட்ங்கிற விஞ்ஞானி 1988ல கொடுத்த எஸ்ஏவிஐங்கிற திருத்தம், வகுக்குற இடத்துல 0.5 சேர்த்து மொத்தத்தை 1.5ஆல பெருக்குறது, அவ்வளவுதான். மேல சொன்ன அதே எண்களைப் போட்டா வெளிர் மண்ணுக்கு 0.28, கருப்புக்கு 0.29 வருது, கிட்டத்தட்ட ஒண்ணாயிடுச்சு பாருங்க. அதனால செடி பாதிக்கும் கம்மியா இருக்குற முதல் சில வருஷத்துக்கு, அதுவும் மண்ணு நிறம் இடத்துக்கு இடம் மாறுற டம்ப்புல (கழிவு மேட்டுல), தயவுசெஞ்சு எஸ்ஏவிஐ பாருங்க. பிற்பாடு அடர்த்தி கூடினா வேற பிரச்சனை வரும், இலை அடுக்கு ஒரு அளவுக்கு மேல போனா என்டிவிஐ 0.8 பக்கத்துல முட்டிக்கிட்டு நின்னுடும், பத்து வருஷத் தோட்டத்துக்கும் பழைய காட்டுக்கும் வித்தியாசமே காட்டாது. அப்போ ஈவிஐ (அடர்ந்த பச்சையில அவ்வளவு சீக்கிரம் முட்டாத இன்னொரு குறியீடு), இல்ல சென்டினலோட ரெட் எட்ஜ் பேண்ட் (சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவுல இருக்குற ஒளி) கொஞ்சம் உதவும், ரெட் எட்ஜ் 20 மீட்டர்தான்ங்கிறதை ஞாபகம் வச்சுக்கங்க.

சைஸும் பாக்கணும். 5 ஹெக்டேர் குவாரின்னா லேண்ட்சாட்ல சுமார் 55 பிக்சல்தான் வரும், ஓரத்துல பக்கத்துக் காடும் ரோடும் கலந்த பிக்சலை ஒரு வரிசை கழிச்சா பாதிக்குக் கிட்ட போயிடும். அதே இடம் சென்டினல்ல 500, ஓரம் கழிச்சாலும் 400க்கு மேல மிஞ்சும். படிக்கட்டு மாதிரி பெஞ்ச் பெஞ்சா வெட்டின ஒடுக்கமான சரிவுன்னா சென்டினலே திணறும். பழைய லேண்ட்சாட் 7 படம் எடுக்குறவங்க 2003 மே மாசத்துக்கு அப்புறம் கோடு கோடா ஓட்டை இருக்கும்ங்கிறதைக் கவனிக்கணும், ஒரு சென்சார்ல இருந்து இன்னொண்ணுக்குத் தாவும்போது எண்ணு கொஞ்சம் குதிக்கும், அதை மீட்சின்னு எழுதிடக் கூடாது.

எல்லாத்தையும் விட முக்கியம், தனி எண்ணை நம்பாதீங்க, பக்கத்துல தோண்டாத ஒரு இடத்தோட விகிதமா பாருங்க. மீட்ட நிலம் 0.42, ஒப்பீட்டு இடம் 0.60னா விகிதம் 70 சதவீதம். அடுத்த வருஷம் வறட்சி, 0.31க்கு இறங்கிடுச்சு, பாக்குறவங்க பதறுவாங்க, ஆனா ஒப்பீட்டு இடமும் 0.44க்கு இறங்கியிருந்தா விகிதம் அதே 70தான், நிலம் கெட்டுப் போகல, மழைதான் பெய்யல. ஒவ்வொரு வருஷமும் ஒரே பருவத்துல எடுத்த படத்தைத்தான் ஒப்பிடணும், மழைக்கு அப்புறம் ஒரு வருஷமும் கோடையில ஒரு வருஷமும் எடுத்து கோடு போட்டா அந்தக் கோடுக்கு அர்த்தமே இல்ல.

சரி, இவ்வளவும் ஒழுங்கா பண்ணிட்டோம், சாட்டிலைட் இன்னும் எதைச் சொல்லாது? அங்க நிக்கிறது என்ன செடின்னு சொல்லாது. சீமைக்கருவேலம் காடா மண்டியிருந்தா பச்சை எண்ணு பிரமாதமா இருக்கும். ஒரே வகை அகேசியாவை வரிசையா நட்டு வச்சாலும் பிரமாதமா இருக்கும். கீழ அடுத்த தலைமுறைக் கன்னு முளைக்குதான்னு தெரியாது. முதல் வருஷம் உரம் போட்டு வந்த பச்சையா, தானா நிக்கிற பச்சையான்னு அந்த வருஷமே தெரியாது, உரம் தீர்ந்து மூணு நாலு வருஷம் கழிச்சு கோடு கீழ வரும்போதுதான் தெரியும். கேள்வியே இதுங்கதானே!

அதனாலதான் தரை. இதுல ரெண்டு பழைய வேலைமுறை இருக்கு, ரெண்டும் இன்னைக்கும் நிக்குது. ஒண்ணு குவாட்ரட், அதாவது சட்டம். டாபன்மயர்ங்கிற தாவரச் சூழலியலாளர் 1959ல சொன்ன 20க்கு 50 செ.மீ. சட்டத்தைத் தரையில வச்சு, ஒவ்வொரு செடி வகையும் எவ்வளவு மூடியிருக்குன்னு ஆறு வகுப்புல ஒண்ணைப் போடுறது, 0-5, 5-25, 25-50, 50-75, 75-95, 95-100 சதவீதம். வேகமா போகும், ஆனா கண்ணால மதிப்பிடுறது, ஆள் மாறினா எண்ணும் மாறும். ஒருத்தர் 25ஐ ஒட்டி இந்தப் பக்கம் போடுவாரு, இன்னொருத்தர் அந்தப் பக்கம், வகுப்போட நடு எண்ணு 15ல இருந்து 37.5க்குத் தாவிடும்.

ரெண்டாவது லைன்-பாயின்ட், எனக்கு ரொம்பப் பிடிச்சது. 50 மீட்டர் டேப்பை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் மெல்லிய ஒரு கம்பியை நேரா கீழ இறக்கணும், கம்பி மேல இருந்து கீழ வரைக்கும் எதை எதைத் தொடுதோ அதை வரிசையா எழுதணும். 12.5 மீட்டர்ல மேல ஒரு மர இலை, நடுவுல ஒரு புல், கீழ சருகு, அடியில மண்ணு. 13 மீட்டர்ல எதுவுமே இல்ல, நேரா கல்லு. 13.5ல புல்லைத் தொடுற மாதிரி இருக்கு, ஆனா தொடல, அப்போ எழுதக் கூடாது, கண்டிப்பா இருக்கணும். இப்படி 100 புள்ளி, ஒவ்வொரு புள்ளியும் ஒரு சதவீதம். தொட்டுச்சா தொடலையாங்கிறதுதான் கேள்வி, எவ்வளவுன்னு மதிப்பிடுறது இல்ல, அதனால ஆள் மாறினாலும் எண்ணு பெருசா மாறாது. பத்து வருஷம் ஓடப்போற கண்காணிப்புல ஒரே ஆள் பத்து வருஷமும் வரமாட்டாரு, அதனால இந்தக் குணம் தங்கம். மேல், நடு, கீழ்னு அடுக்கு விவரமும் கூடவே வந்துடுது, வெறும் தரை எவ்வளவுங்கிறதும் வந்துடுது, மண் அரிப்புக்கு அதுதான் முக்கியம். குறை என்னன்னா அபூர்வமான செடிகளைக் கம்பி பெரும்பாலும் தொடாது, அதுக்கு டேப்போட ரெண்டு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்துக்கு நடந்து பார்த்து வகைப்பட்டியல் தனியா எழுதிடணும், அதே பட்டையில மரக்கன்னு எத்தனை உயிரோட இருக்கு, எத்தனை தானா முளைச்சதுன்னு எண்ணிடணும். தானா முளைச்ச கன்னுங்கிறது ஒரு வரி டேட்டாதான், ஆனா மீட்சியைப் பத்தி மத்த எந்த எண்ணையும் விட அது எனக்கு அதிகமா சொல்லுது, நட்டவங்க போன பிறகும் காடு தன்னைத் தானே நடத்திக்குமான்னு அங்கதான் தெரியும்.

எத்தனை இடத்துல அளக்கணும்? இதை "ஒரு பத்து போதும்"னு முடிவு பண்ணிட்டுப் போறவங்க அதிகம். முதல்ல கொஞ்சம் சட்டம் போட்டு எண்ணு எவ்வளவு சிதறுதுன்னு பாருங்க. சராசரி கவர் (தரையைச் செடி மூடின அளவு) 60 சதவீதம், திட்ட விலக்கம் 20னு வந்துச்சுன்னா, 90 சதவீத நம்பிக்கையோட 6 புள்ளிக்குள்ள சராசரியைப் பிடிக்க 1.645ஐ 20ஆல பெருக்கி 6ஆல வகுத்து வர்க்கம் எடுங்க, சுமார் 30. திட்டுத் திட்டா செடி வந்த இடத்துல விலக்கம் 30னா அதே கணக்கு 68க்குப் போயிடும். சுரங்க நிலம் எப்பவுமே திட்டுத் திட்டாத்தான் இருக்கும், ஒரு லாரி மேல்மண் நல்லா இருந்திருக்கும், அடுத்த லாரி பைரைட் (கந்தகம் உள்ள ஒரு கனிமம்) கலந்து அமிலமா இருந்திருக்கும். அதனால உச்சி, சரிவு, அடிவாரம்னும், மண்ணு போட்ட வருஷம்னும் முதல்லயே பிரிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் தனியா இடம் தேர்ந்தெடுத்தா சிதறல் குறையும், உழைப்பும் குறையும். இடத்தைக் குலுக்கல் முறையில எடுக்கணும், ரோட்டுக்குப் பக்கத்துல நல்லா வந்த இடமா பார்த்து சட்டம் வைக்கக் கூடாது. இதைச் சொல்ல வேண்டியிருக்கேன்னு வருத்தமா இருக்கு, ஆனா சொல்லத்தான் வேணும்.

நிலத்தை மீட்டுத் தர்றதுக்கு ஈடா சுரங்கக் கம்பெனி முன்கூட்டியே கட்டின பத்திரத் தொகையைத் திரும்ப வாங்குற விஷயம் இருந்தா இந்தக் கணக்கு வெறும் பாடம் இல்ல. அமெரிக்க விதியையே எடுத்துக்கங்க, எழுத்துல தெளிவா இருக்குறதால சொல்றேன். தரைக் கவர், விளைச்சல், மர எண்ணிக்கை இதெல்லாம் ஒப்புக்கிட்ட இலக்குல 90 சதவீதத்துக்குக் குறையாம இருக்கணும், அதை 90 சதவீத நம்பிக்கை அளவுல மாதிரி எடுத்துக் காட்டணும். பொறுப்புக் காலம் பொதுவா 5 வருஷம், ஆண்டு மழை 26 அங்குலமோ அதுக்குக் கம்மியோ இருக்குற இடத்துல 10 வருஷம். கணக்குல சேர்க்குற மரம், புதர்ல 80 சதவீதம் அந்தக் காலத்துல 60 சதவீதம் நாளாவது நிலத்துல நின்னிருக்கணும், அதாவது கடைசி வருஷம் ஓடிப்போய் கன்னு நட்டு எண்ணிக்கை காட்ட முடியாது. இந்தக் கடைசி நிபந்தனை ரொம்ப அறிவா வச்ச நிபந்தனை, எந்த நாட்டுல விதி எழுதினாலும் இதைச் சேர்க்கணும்னு நினைக்கிறேன். இதைச் சாட்டிலைட் எண்ணை மட்டும் வச்சு நிரூபிக்க முடியாது, எந்தக் கன்னு எப்போ நட்டதுன்னு பிக்சலுக்குத் தெரியாது.

ட்ரோன் பத்தி. 100 மீட்டர் உயரத்துல சாதாரண நல்ல கேமரா ட்ரோன் ஒரு பிக்சலுக்கு 2-3 செ.மீ. தரும், சட்டம் வச்சு பாக்குறதுக்கும் சாட்டிலைட்டுக்கும் நடுவுல இருந்த பெரிய பள்ளத்தை இது நிரப்பிடுச்சு. மேட்டுல நீர் ஓடி வெட்டின ஓடைகள் எங்க, கன்னு வரிசையில எங்க ஓட்டை விழுந்திருக்கு, நடந்து ஏற முடியாத செங்குத்துச் சரிவுல எதாவது முளைச்சிருக்கான்னு பாக்க இதைவிட நல்லது இல்ல. ஆபத்தான சரிவுல ஆளை ஏத்துறதுக்குப் பதிலா ட்ரோனை அனுப்புங்க, இதுல ரெண்டாவது யோசனையே வேணாம். முதல் ரெண்டு வருஷம், கன்னு தனித்தனியா தெரியிற வரைக்கும் மொத்த நடவையும் எண்ணிடலாம்.

ஆனா மர உயரம் அளக்குறேன்னு போட்டோவை ஒட்டி முப்பரிமாண மாடல் பண்றவங்க ஒண்ணு கவனிக்கணும், கேமராவுக்கு இலைக்கு அடியில தரை தெரியாது. செடி அடர்த்தியானா தரை எங்கன்னு சாஃப்ட்வேர் ஊகம் பண்ணும், உயரம் குறைச்சலா வரும், காடு நல்லா வளர வளர அளவு மோசமாகும். லைடார் (லேசர் ஒளியை அனுப்பி தூரம் அளக்குற கருவி) வச்ச ட்ரோன் இலை இடுக்குல புகுந்து தரையைத் தொடும், அது நல்லது, விலைதான் அதிகம். போட்டோ முறைதான் முடியும்னா செடி வர்றதுக்கு முன்னாடி, மண்ணு பரப்பி முடிச்ச உடனே ஒரு தடவை பறந்து வெறும் தரை மாடலை எடுத்து வச்சுக்கங்க, அப்புறம் வர்ற எல்லா வருஷமும் அதிலிருந்து கழிச்சா உயரம் கிடைச்சிடும். புதுசா கொட்டின மேடு சில வருஷம் அமுங்கி இறங்கும், அதையும் கணக்குல எடுக்கணும். புல்லுல வகை பிரிக்கிறது ட்ரோன்ல நம்பிக்கையா வராது, ஏதாவது ஒரு களைச்செடி மஞ்சளா பூக்குற வாரம் பறந்தா அதை மட்டும் அருமையா பிரிச்சுக் காட்டும். அதனாலதான் மேல சொன்னேன், கேள்வி கையில இருந்தா பறங்க, கேள்வி இல்லாம பறந்தா ஹார்ட் டிஸ்க்தான் நிறையும்.

நாலாவது வழியை யாரும் அதிகமா பேசுறது இல்ல, எனக்கு அதுல பெரிய மரியாதை உண்டு. ஆஸ்திரேலியாவுல சிஎஸ்ஐஆர்ஓங்கிற அரசு ஆராய்ச்சி நிறுவனத்துல டேவிட் டாங்வே உருவாக்கின நிலச் செயல்பாட்டு ஆய்வு முறை. சரிவுல தண்ணி ஓடுற திசையில டேப் போட்டு, எங்க தண்ணி, மண்ணு, சருகு தங்குது, எங்க ஓடிப்போகுதுன்னு துண்டு துண்டா பிரிக்கணும். அப்புறம் ஒவ்வொரு வகைத் துண்டுலயும் 11 அறிகுறி பாக்கணும்: மழைத்துளி தாக்காம மறைப்பு இருக்கா, சருகு எவ்வளவு, மேல் ஓடு உடைஞ்சிருக்கா, பாசி படர்ந்திருக்கா, அரிப்புத் தடம் இருக்கா, இப்படி. அதுல ஒண்ணு, சுண்டுவிரல் நகம் அளவு மண்கட்டியை மெதுவா தண்ணியில போட்டுப் பாக்குறது. உடனே பொலபொலன்னு கரைஞ்சு கலங்கிடுச்சுன்னா முதல் பெருமழைக்கே மேற்பரப்பு மூடிக்கும், தண்ணி உள்ள இறங்காது. அப்படியே கட்டியா நின்னா உயிர்ப்பொருள் பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். இந்த 11ல இருந்து நிலைத்தன்மை, நீர் இறங்குதிறன், சத்துச் சுழற்சின்னு மூணு குறியீடு வரும்.

இது ஏன் முதல் வருஷங்கள்ல முக்கியம்னா, செடி கவர் 15 சதவீதம் இருக்கும்போது மத்த எல்லா வழியும் "கம்மி"ன்னு ஒரே பதில்தான் சொல்லும். அதே 15 சதவீதம் உள்ள ரெண்டு சரிவுல ஒண்ணு மண்ணைப் பிடிச்சு வைக்க ஆரம்பிச்சிருக்கலாம், இன்னொண்ணு ஒவ்வொரு மழைக்கும் விதையோட சேர்த்து கீழ போய்க்கிட்டு இருக்கலாம். செடி எண்ணிக்கையில வித்தியாசம் தெரியிறதுக்கு முன்னாடியே மண்ணுல தெரிஞ்சிடும், அப்போ இன்னும் சரிபண்ண நேரமும் இருக்கும், இயந்திரமும் சைட்லயே இருக்கும். பயிற்சி வேணும், மதிப்பெண் போடுறதுல ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும், இது உண்மைதான், சேர்ந்து ரெண்டு பேர் போட்டுப் பழகினா குறையும்.

இன்னும் ஒரு விஷயம், இலக்கை எப்படி எழுதுறதுங்கிறது. "40 வகைச் செடி இருக்கணும்"னு இலக்கு வச்சா 40 வகை வந்துடும், ஆனா எந்த 40? ஒப்பீட்டுக் காட்டுல 40, மீட்ட நிலத்துல 40, பொதுவா இருக்குறது 10தான்னா சோரன்சன் ஒற்றுமைக் குறியீடு (பொதுவான வகையை ரெண்டால பெருக்கி, ரெண்டு பட்டியலோட கூட்டுத்தொகையால வகுக்குறது) 0.25, எண்ணிக்கை முழுசா சமம், காடு முக்கால்வாசி வேற. மேற்கு ஆஸ்திரேலியாவோட ஜாரா காட்டுல (ஒரு யூகலிப்டஸ் வகைக் காடு) பாக்சைட், அதாவது அலுமினியத் தாது எடுத்த இடங்கள்ல இதைக் கவனமா பாத்திருக்காங்க, விதையில இருந்து எளிதா வர்ற வகைகள் நல்லா திரும்பிடுச்சு, ஆனா வேர்க்கிழங்குல இருந்தே துளிர்த்துப் பழகின சில கோரை வகைகள் பரப்பின மேல்மண்ணுல இருந்து தானா வரவே மாட்டேங்குது, அதுங்களை நர்சரியில தனியா வளர்த்து நட வேண்டியிருக்கு. எந்தெந்த வகை வரலைங்கிற பட்டியல் கையில இருந்தாத்தான் அந்த வேலையையே தொடங்க முடியும், அந்தப் பட்டியலைத் தர்றது தரையில நடக்குற ஆள் மட்டும்தான். வகைப்பெயர் தெரிஞ்ச தாவரவியல் ஆளுக்குக் கொடுக்குற சம்பளத்தை வெட்டிட்டு அந்தக் காசுல சாஃப்ட்வேர் லைசென்ஸ் வாங்குறதை நான் கடுமையா எதிர்ப்பேன்.

அப்போ யாருக்கு எது? ஆயிரக்கணக்கான ஹெக்டேர் டம்ப், வருஷா வருஷம் புதுசு புதுசா மண்ணு போடுற இடம்னா சென்டினலை முன்னாடி நிறுத்துங்க, அது எந்த மூலை பின்தங்குதுன்னு காட்டும், அங்க ஆளை அனுப்புங்க, பிளாட்டுகளை மண்ணு போட்ட வயசு வாரியா பரப்பி வையுங்க. 5, 10 ஹெக்டேர் குவாரின்னா சாட்டிலைட்டுக்கு அதிக நேரம் செலவழிக்காம ஆறேழு டேப் கோட்டுல தொடங்கி, எண்ணு சிதறினா மேல சொன்ன கணக்குப்படி கூட்டி, வருஷத்துக்கு ஒரு தடவை அதே பருவத்துல, கூட நிலையான ஒரு இடத்துல இருந்து அதே திசையில போட்டோ, போதும். வறண்ட இடம்னா மண் மேற்பரப்பு முறையும் எஸ்ஏவிஐயும், அங்க நல்ல மழை வருஷத்துல வர்ற ஒரு பருவப் புல்லைப் பார்த்துட்டு முடிவு சொல்லிடாதீங்க, பல்லாண்டு தாவரத்தைத் தனியா எண்ணுங்க. காட்டை இலக்கா வச்ச இடத்துல முதல் அஞ்சு வருஷம் கன்னு எண்ணிக்கையும் மண் இறுக்கமும், அதுக்கப்புறம் முடிஞ்சா ஒரு தடவை லைடார், கீழ்த்தளத்துல தானா முளைக்கிறதை எப்பவும்.

பழைய சுரங்கம், யாரும் எதையும் அளந்து வைக்கலைன்னா லேண்ட்சாட் களஞ்சியம்தான் ஒரே கதவு. ஒவ்வொரு துண்டும் எந்த வருஷம் மூடினதுன்னு அதுல இருந்து எடுத்து, 5, 10, 20, 30 வயசுத் துண்டுகளை இன்னைக்குத் தரையில அளந்தா ஒரு வளர்ச்சி வரிசை கிடைக்கும். அதை அப்படியே நேர்கோடா நம்பிடக் கூடாது, முப்பது வருஷம் முன்னாடி மேல்மண் போட்டாங்களா, என்ன விதைச்சாங்க, எவ்வளவு இறுக்கினாங்கங்கிறது இப்போ பண்றதுல இருந்து வேறயா இருந்திருக்கும், 30 வயசுத் துண்டு மோசமா இருந்தா அது வயசோட குத்தம் இல்ல, அப்போ பண்ணின வேலையோட குத்தமா இருக்கலாம். அங்க வேலை செஞ்ச பழைய சர்வேயர், ஆபரேட்டர் யாராவது இருந்தா அவங்ககிட்ட உக்காந்து கேட்டு எழுதிக்கங்க, எந்த மேட்டுல மேல்மண் தீர்ந்து போய் வெறும் கழிவு மேலயே விதை போட்டாங்கங்கிறது அவங்களுக்குத் தெரியும், டேட்டா ஷீட்ல அதுக்கும் ஒரு கட்டம் வச்சுடுங்க.